ஏழாம் புள்ளியில் மண் இல்லை

எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும்போது, மொத்த அறிக்கை மட்டும் பொய்யாக இருக்க முடியுமா?

இதற்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. கணவரிடம் கேட்டுப் பார்த்தேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஏன் முடியாது? உன் பயோடேட்டா அப்படித்தானே இருக்கு" என்றார். அதன்பிறகு அவரிடம் கேட்கவில்லை.

நான் செய்யும் வேலையை யாருக்கும் ஒரு வரியில் புரிய வைக்க முடிந்ததில்லை. குரோம்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், ஏழு பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. யாராவது எதையாவது கட்டவோ தோண்டவோ போகும்போது, அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதிக் கொடுப்போம். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்டால் "சுற்றுச்சூழல்" என்பேன். "ஓ, மரம் நடறதா" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விடுவார்கள்.

இயல்பிலேயே நான் சந்தேகப் பிராணி. கேஸை மூடினேனா என்று பார்க்க, லிஃப்டில் கீழே வந்தபிறகு திரும்பவும் மேலே போவேன். எல்.கே.ஜி. படிக்கும் மகளின் டிபன் பாக்ஸில் ஸ்பூன் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பேன். அந்த இரண்டு முறையும் ஒழுங்காகத்தான் பார்த்தேனா என்று மூன்றாவது முறை பார்ப்பேன். ஆட்டோ கிளம்பியபின் பள்ளிக்குப் போன் செய்து, ஸ்பூன் இருந்ததா என்று கேட்டதும் உண்டு. இப்படிப்பட்டவளிடம்தான், ஒரு துறைமுகத்தின் மொத்தச் சேற்றையும் கடலில் எந்த இடத்தில் கொட்டலாம் என்று முடிவுசெய்யும் பொறுப்பு வந்தது.

துறைமுகத்தின் பெயர் வேண்டாம். தாம்பரத்திலிருந்து கிளம்பி, கடலோரச் சாலையைப் பிடித்துத் தெற்கே ஒரு மணி நேரம் போனால் வரும், சிறியது. அலை தள்ளிக்கொண்டு வரும் மணலும், மழைக்காலத்தில் ஓடை கொண்டு சேர்க்கும் வண்டலுமாக அதன் வாய் அடைத்துப்போயிருந்தது. தூர் வார வேண்டும். வாரிய சேற்றைக் குவித்துவைக்கக் கரையில் இடமில்லை. அதனால், அடியில் கதவு வைத்த பெரிய படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய், குறித்த இடத்தில் கதவைத் திறந்துவிடுவார்கள். படகு படகாக, மாதக்கணக்கில். அந்தக் "குறித்த இடம்" எது என்று குறிப்பதுதான் என் வேலை.

சொல்லப்போனால் இது வீடு தேடுவதைப் போலத்தான். நாங்கள் சேலையூரில் இப்போது இருக்கும் ஃப்ளாட்டைப் பிடிக்கும்முன் பெருங்களத்தூர், முடிச்சூர், செம்பாக்கம் என்று ஒன்றரை வருடம் அலைந்தோம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்க வேண்டும், ரயில் சத்தம் கேட்கக் கூடாது. மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கக் கூடாது, ஆனால் கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். கடலிலும் அப்படியே. கொட்டும் இடம் தூரமாக இருக்க வேண்டும், படகு போய்வர முடியாத அளவுக்குத் தூரமாக இருக்கக் கூடாது. நீரோட்டம் சேற்றைக் கரைத்துப் பரப்ப வேண்டும், ஆனால் ஆமைகள் முட்டையிட வரும் கரைப்பக்கம் தள்ளிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மீன்பிடிக்கும் இடமாக இருக்கக் கூடாது.

வரைபடத்தில் பன்னிரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் கடலடி மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு கிராப் என்று ஒரு கருவி. இரண்டு இரும்புக் கிண்ணங்களைக் கீல் போட்டு இணைத்தது போலிருக்கும். வாயைத் திறந்த நிலையில் கயிற்றில் கட்டி இறக்கினால், தரையைத் தொட்டதும் வாயை மூடிக்கொள்ளும். மேலே இழுத்தால் உள்ளே ஒரு கவளம் மண்.

பக்கத்துக் குப்பத்தில் ஒரு ஃபைபர் படகை வாடகைக்குப் பிடித்தோம். படகுக்காரர் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். நானோ பேச முடியாத நிலையில் இருந்தேன். வாந்தி வராமலிருக்க மாத்திரை, எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், இரண்டு செட் மாற்றுடை, மகளின் பழைய கழுத்துத் துண்டு என்று கட்டிக்கொண்டு போயிருந்தேன். பையைப் பார்த்து அவர், "மேடம், சாயங்காலமே திரும்பிடுவோம்" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது புள்ளியிலேயே எலுமிச்சம்பழமும் மாத்திரையும் கடலில் சேர்ந்துவிட்டன. செல்போனில் சிக்னலும் போயிற்று. மகளுக்குக் காய்ச்சல் வந்து பள்ளியிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது என்று யோசித்தபடி, படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கையால் குறிப்பு எழுதினேன்.

ஏழாவது புள்ளியில் கிராப் வெறும் வாயோடு மேலே வந்தது. மறுபடி இறக்கினோம். இந்த முறை வாய் பாதிதான் மூடியிருந்தது. கீலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கல் சிக்கியிருந்தது. படகுக்காரர் அதை விரலால் நெம்பி எடுத்து, நான் கை நீட்டுவதற்குள் கடலில் எறிந்தார்.

"மிஷின் சரியில்ல மேடம். உடுங்க, அடுத்த எடம் போலாம்" என்றார்.

அவர் அன்று பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். என் வயிற்றுக்கும் அது மிகச் சரியான யோசனையாகப் பட்டது. குறிப்பேட்டில், "புள்ளி 7: மாதிரி கிடைக்கவில்லை. கருவிக் கோளாறு" என்று எழுதினேன். ஸ்பூனை மூன்று முறை பார்க்கும் நான், கடலின் அடித்தரையை ஒன்றரை முறை பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தேன்.

கரையில் இறங்கியபோது ஒரு பெண் தூக்குப் பாத்திரத்தோடு நின்றிருந்தார். படகுக்காரரின் மனைவி. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"நீ சேலையூர் தானேமா? ரெண்டாவது மாடி. எத்தினி தபா கழுவிக் குடுத்தாலும் 'இன்னொரு வாட்டி கழுவுங்கக்கா'ன்னு சொல்லிகினே இருப்பியே."

எங்கள் காலனிக்கு ஞாயிறுதோறும் ஐஸ் பெட்டியோடு வேனில் வந்து கேட்டருகே மீன் விற்கும் அக்காதான் அவர். கணவரிடம் திரும்பி, "இவங்க ரொம்ப நல்ல மாதிரி. ஆனா பேஜார் புடிச்ச ஆளு" என்று அறிமுகம் செய்துவைத்தார். படகுக்காரர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் கழித்து, குப்பத்து மக்களிடம் அவர்கள் மீன்பிடிக்கும் இடங்களைக் கேட்டு வரைபடத்தில் குறிக்கும் கூட்டம். வலை பின்னும் கொட்டகையில் நடந்தது. கடல் வரைபடத்தைப் போர்வை அளவுக்கு அச்சடித்து எடுத்துப்போனேன். குறிப்பதற்கு மகளின் ஸ்கெட்ச் பேனாக்கள். முதல்நாள் இரவு உட்கார்ந்து ஓர் அறிவிப்பும் தயார் செய்திருந்தேன்: "தாங்கள் மீன்பிடி நடவடிக்கைகளில் ஈடுபடும் கடற்பரப்பினை இவ்வரைபடத்தில் அடையாளப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." அதை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுமுடித்து, "நல்லா கீது. இப்ப அத்த தமிழ்ல சொல்லும்மா" என்றார்.

தமிழில் சொன்னேன். எங்கெல்லாம் வலை போடுகிறீர்களோ அங்கெல்லாம் வட்டம் போடுங்கள், அந்த இடங்களை விட்டுவிட்டுத்தான் சேற்றைக் கொட்டுவோம் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் எழுந்து வந்து ஊதா நிறத்தில் ஒரு வட்டம் போட்டார். அடுத்தவர் பச்சையில் போட்டார். வரிசையாக வந்தார்கள். ஆழத்தைப் பாகத்தில் சொன்னார்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். எட்டு பாகம், பத்து பாகம் என்று ஒவ்வொரு வட்டத்தின் அருகிலும் எழுதிக்கொண்டேன். ஒருவர் வடக்கே தள்ளிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டபோது, பின்னாலிருந்து ஒரு குரல்:

"மாமா, அங்கயா நீ வலை போட்ற? அங்க உன் செருப்பு வுழுந்தா செருப்புதான் திரும்பி வரும்."

கொட்டகையே சிரித்தது. மாமா என்று அழைக்கப்பட்டவர், "சும்மா இர்ரா" என்று ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். எதற்கு என்று தெரியாமலேயே சிரித்தேன். கூட்டம் நன்றாகப் போவதன் அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்தபோது வரைபடம் என் மகளின் டிராயிங் நோட்டைப் போல இருந்தது. அவர்கள் பக்கத்துக் கடலில், வட்டங்களுக்கு நடுவே, ஏழாவது புள்ளியைச் சுற்றி மட்டும், ஒரு கோடுகூட விழாமல் வெள்ளையாக ஓர் இடம். தூரம் சரி. ஆழம் சரி. நீரோட்டமும் சரி. வண்டியில் திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எவ்வளவு நல்ல மனிதர்கள், எவ்வளவு ஒத்துழைப்பு என்று எங்கள் சாரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். சார் என்பவர் நிறுவனத்தின் முதலாளி. ஐம்பதைத் தாண்டியவர், யாரையும் சீக்கிரம் பாராட்டமாட்டார். அவரே வரைபடத்தைப் பார்த்து, "பரவால்லம்மா, கண்ணுக்கு நிம்மதியா இருக்கு" என்றார். அந்த வெள்ளையின் மேல் ஒரு சதுரப் பெட்டி வரைந்து வரைவு அறிக்கையில் சேர்த்தேன்.

எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருக்கிறது. உரிமையாளர் யாரென்று தெருவில் யாருக்கும் தெரியாது. இளநீர் மட்டை, உடைந்த டைல்ஸ், பழைய கமோடு என்று எல்லாமும் அங்கேதான் போகும். யாரும் கேட்க வராத இடம் என்றால் அது காலி இடம் என்பது தாம்பரம் பக்கத்தில் வளர்ந்த எல்லோருடைய கண்ணிலும் ஊறிப்போன கணக்கு. அந்தக் கண்ணோடுதான் நான் கடலையும் பார்த்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. அன்று நான் பெருமையில் இருந்தேன்.

பெருமை என்னை ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குக் கூட்டிப்போனது. அக்காவின் பெட்டியில் அன்று கலவா மீன் இருந்தது. பெரிய வாயும் புள்ளிபோட்ட உடம்புமாக, வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. அவர் வெட்டிக்கொண்டிருந்தபோது சும்மா இருக்காமல் போனில் வரைபடத்தைக் காட்டினேன். உங்கள் ஆட்கள் போட்ட வட்டம் ஒன்றைக்கூடத் தொடாமல் இடம் பார்த்துவிட்டேன் என்றேன். பெட்டியைப் பெரிதாக்கிக் காட்டி, துறைமுகத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எத்தனை பாகம் ஆழம் என்று சொன்னேன்.

அவர் கை நின்றது. செதில் ஒட்டிய கத்தியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் போனைப் பார்த்தார்.

"அந்த எடம் வேணாம்மா."

"ஏன்க்கா?"

"வேணாம்."

"அங்க யாரும் வட்டம் போடலையேக்கா. உங்க வீட்டுக்காரர்கூட அங்க ஒண்ணும் சொல்லலையே."

"அவுரு இன்னாத்துக்குச் சொல்வாரு." சொல்லிவிட்டு மிச்சத்தையும் வெட்டினார். மீனைக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்தார். வழக்கமாக இன்னொரு முறை கழுவச் சொல்வேன். அன்று சொல்லவில்லை. அவரும், "இன்னா, இன்னிக்கு போதுமா?" என்று கிண்டல் செய்யவில்லை.

மேலே வந்து குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வாணலியில் வெங்காயம் வதங்கியது. மீன் துண்டுகள் தட்டில் இருந்தன. அவற்றில் தலைத் துண்டு, பெரிய வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கலவா பாறை இடுக்கில் வாழும் மீன். இது எனக்குத் தெரியும். தெரியும் என்றால், முதுகலைப் படிப்பில் பாறை மீன்களைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி, கூடத்தில் நின்று பேசி, கைதட்டல் வாங்கும் அளவுக்குத் தெரியும். அந்தக் குப்பத்தார் போட்டுக்கொடுத்த வட்டங்களின் கீழேயும் சரி, வெளியிலும் சரி, நான் எடுத்த பதினொரு மாதிரிகளிலும், சேறும் மணலும்தான். பாறை எங்கேயும் இல்லை. அப்படியானால், இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குழம்பு வைக்கும் கலவா எங்கிருந்து வருகிறது?

வெங்காயம் கருகிப்போனது. கணவர் உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். அவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுகிறவர். எல்லாவற்றையும் ஒருமுறை அளந்துதான் பேசுவார்.

"ஆக, ஆதாரத்த எல்லாம் நீ சாப்டுட்ட" என்றார்.

கடலுக்கடியில் பாறை உள்ள இடத்துக்கு 'பார்' என்று பெயர். பாரில்தான் பெரிய மீன்கள் தங்கும். ஒரு பார் எங்கே இருக்கிறது என்பதை, அதைக் கண்டுபிடித்தவர்கள் வெளியாருக்குச் சொல்லமாட்டார்கள். பக்கத்துக் குப்பத்தாருக்குச் சொல்லமாட்டார்கள், பெண் கொடுத்த மச்சானுக்கும் சொல்லமாட்டார்கள். வேறு படகு பக்கத்தில் வந்தால் ஜி.பி.எஸ். கருவியைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார்கள். தெரிந்துவிட்டால் நாளைக்கே விசைப்படகுகள் வந்து சுத்தமாக வாரிக்கொண்டு போய்விடும். இதையெல்லாம் நான் எங்கோ படித்திருக்கிறேன். படித்துவிட்டு, ஊர் முழுக்கக் கூடியிருந்த ஒரு கொட்டகையில், எல்லோர் கண்ணெதிரிலும், "உங்கள் பாரை என் மகளின் ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் பார் எங்கேயோ, அங்கே மட்டும் போடாமல் மற்ற எல்லா இடத்திலும் போட்டுக்கொடுத்தார்கள். நான் அந்த விட்ட இடத்தைத் தேடிப்பிடித்து, அதன் தலையில் துறைமுகச் சேற்றைக் கொட்டச் சொல்லி எழுதிவிட்டேன். கொட்டினால் ஒரே மழைக்காலத்தில் இடுக்கெல்லாம் மூடிவிடும். அந்தக் குப்பத்தின் பாதி வருமானம் அங்கிருந்து வருவது.

படகுக்காரருக்குப் போன் செய்தேன். நேரடியாகக் கேட்டேன், அங்கே பார் இருக்கிறதா என்று.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நீங்க படிச்சவங்கோ. வேணும்னா இன்னொரு தபா மிஷின உட்டுப் பாருங்கோ." கொஞ்சம் நிறுத்தி, "படகு எப்ப வேணும்?" என்றார்.

மறுநாள் சாரிடம் போய் நின்றேன். வரைவு அறிக்கையின் மேல் அவருடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, அக்காவின் முகம் மாறியதற்காக இடத்தை மாற்ற முடியாது, அறிக்கையில் எழுத ஒரு காரணம் வேண்டும் என்றார். அப்போதுதான் என் குறிப்பேட்டைத் திறந்து ஏழாம் புள்ளியைக் காட்டினேன். கீலில் சிக்கிய கல்லையும் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அடியில கல்லு இருக்குன்னு மெஷின் எடுத்து வந்து காட்டிருக்கு. நீ அதுக்குக் கோளாறுன்னு பேர் வெச்சிருக்க."

வாந்தி வந்துகொண்டிருந்தது என்று சொல்ல நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. கடலடியை ஒலியால் அளந்து பார்க்கும் முழு ஆய்வு எங்கள் ஒப்பந்தத்தில் துறைமுக வாய்க்கு மட்டும்தான் இருந்தது. மற்ற இடங்களுக்கு இந்த இரும்புக் கிண்ணத்தையும் என் குறிப்பேட்டையும்தான் நம்பியிருந்தார்கள்.

அதே படகில் மறுபடி போனோம். ஏழாம் புள்ளியிலும் அதைச் சுற்றியும் ஒன்பது முறை கிராப்பை இறக்கினேன். ஐந்து முறை வெறும் வாய். மற்ற நான்கிலும் உடைந்த கல்லும் சிப்பி ஒட்டிய ஓடுகளும், ஒன்றில் செங்காவி நிறத்தில் மெத்தென்று ஏதோ ஓர் உயிரும் வந்தன. படகுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், கல்லா?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து கல்லையே பார்க்காதவரைப் போல அவ்வளவு ஆச்சரியம். நானும், "ஆமாண்ணா, கல்லு போலத்தான் இருக்கு" என்றேன். நடிப்பில் அவர் என்னைவிடப் பல மடங்கு தேர்ந்தவர். ஆனால் திரும்பும்போது, கேட்காமலேயே, படகை அலைக்கு வாகாக மெதுவாக ஓட்டினார். அன்று எனக்கு வாந்தி வரவில்லை.

பிறகு எழுத வேண்டியதுதான் பாக்கி. பார் இருப்பதை எழுதி, அது மீன்பிடிக்கும் இடம் என்றும் ஒரு வரி சேர்த்தால் காரணம் இன்னும் பலமாக இருக்கும் என்றார் சார். முடியாது என்றேன். சாரிடம் நான் முடியாது என்று சொன்னது ஆறு வருடத்தில் அதுதான் முதல் முறை. சொன்ன உடனேயே, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. இந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்குப் போகும். பக்கத்துக் குப்பத்தார் படிப்பார்கள், விசைப்படகுக்காரர்கள் படிப்பார்கள். படகுக்காரரின் குப்பத்தார் இத்தனை காலம் மறைத்துவைத்ததை நான் அச்சடித்து ஊருக்கு விநியோகித்ததாகிவிடும். சேற்றிலிருந்து காப்பாற்றி வலைக்குக் கொடுத்ததாகிவிடும்.

கடைசியில் எழுதியது இதுதான்: "புள்ளி 7-இல் அடித்தளம் கடினமானது. சேறு கொட்டுவதற்கு ஏற்றதல்ல." மீன் என்ற சொல் இல்லை. பார் என்ற சொல்லும் இல்லை. இணைப்பு அட்டவணையில் எல்லாப் புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் தசமத்துக்குப்பின் இரண்டு இலக்கமாகச் சுருக்கினேன். அப்படிச் சுருக்கினால் ஏழாம் புள்ளி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு புள்ளிக்கு மட்டும் சுருக்கினால் கண்ணை உறுத்தும் என்பதால் பன்னிரண்டுக்கும் சுருக்கினேன். எந்த வரியும் தவறில்லை. என் பேராசிரியர் பார்த்திருந்தால் எதைக் குறை சொல்வதென்று தெரியாமல், என்னை மட்டும் குறை சொல்லியிருப்பார். முதல் வரியில் கேட்ட கேள்வி இங்கேதான் முளைத்தது.

பெட்டியைத் தென்கிழக்கே நகர்த்தி, பத்தாம் புள்ளியின் மேல் வைத்தோம். அங்கே எத்தனை முறை இறக்கினாலும் மெத்தென்ற கறுப்புச் சேறு. ஒரு கல் இல்லை. எந்த வட்டமும் இல்லை. சார் திருப்தியாகிவிட்டார். எனக்கும் இரண்டு நாள் நல்ல தூக்கம் வந்தது.

மூன்றாம் நாள் படகுக்காரருக்குப் போன் செய்து, பத்தாம் புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்லி, அங்கே கொட்டினால் பரவாயில்லையா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. ஸ்பூன் பழக்கம்தான்.

"அது எங்களுது இல்ல மேடம்" என்றார்.

ஒன்றுமில்லாத இடம் என்று அவர் சொல்லவில்லை. எங்களுடையது இல்லை என்றார். அப்படியானால் யாருடையது என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். சிக்னல் மிக நன்றாக இருந்தது.

பத்தாம் புள்ளி தெற்கேயுள்ள இன்னொரு குப்பத்தின் பக்கம் வருகிறது. வரைவு அறிக்கைக்கு முன்பே அங்கேயும் ஒரு கூட்டம் நடத்தியிருந்தேன். அதே வரைபடத்தின் இன்னொரு பிரதி, அதே ஸ்கெட்ச் பேனாக்கள். அவர்களும் சிரித்த முகத்தோடு வட்டங்கள் போட்டார்கள், டீ கொடுத்தார்கள். பத்தாம் புள்ளியை அவர்களும் வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். அங்கே பாறை இல்லை, ஆகவே கலவா இருக்காது. ஆனால் இறால் சேற்றைத்தானே தேடிப்போகும்? இதுவும் நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய பதில்தான்.

அதனால் இந்த மாதம் நான்கு முறை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, தெற்குக் குப்பத்தின் கரையில் போய் நின்று, எந்தப் படகில் என்ன வருகிறதோ அதையெல்லாம் வாங்கினேன். விஞ்ஞானம் என்று பெயர். இரண்டு முறை இறால், ஒரு முறை நெத்திலி, ஒரு முறை என்னிடம் விற்கவே மாட்டேன் என்றார்கள். இது எதை நிரூபிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இறால் எங்கே பிடித்தது என்று ஒருவரைக் கேட்டேன். "கடல்ல" என்றார். கணவர் வீட்டில் சாம்பார் வைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். மகள் பள்ளியில் டீச்சரிடம், எங்கள் அம்மா ஆபீசுக்காக இறால் சாப்பிடுகிறாள் என்று சொல்லியிருக்கிறாள்.

நேராகப் போய்க் கேட்டுவிடலாம் என்றால், "அங்கே எதையாவது மறைக்கிறீர்களா?" என்று எந்த வாயால் கேட்பது? கேட்டால், மறைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பார்கள். வடக்கே படகுக்காரரின் குப்பத்தில் நான் நடத்திய கூட்டம் நினைவுக்கு வரும். ஏழாம் புள்ளியை நான் ஏன் கைவிட்டேன் என்று யோசிக்கக் கடலில் பிறந்தவர்களுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். கேட்காமல் விட்டால், ஒரு குப்பத்தின் பாரைக் காப்பாற்றிய நானே இன்னொரு குப்பத்தின் இறால் நிலத்தில் சேற்றைக் கொட்டியவளாகிவிடுவேன்.

இறுதி அறிக்கையை வருகிற திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சாரிடம் இன்னும் இரண்டு வாரம் கேட்டிருக்கிறேன். காரணம் என்ன என்று கேட்டார். மறுபடி முகம் மாறியதா என்று வேறு கேட்டார். யாருடைய முகமும் மாறவில்லை சார், அதுதான் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் எதையாவது கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

இதைப் படிப்பவர்களில் கடலோரத்தில் பிறந்தவர்கள் இருப்பீர்கள். கடலுக்குப் போகும் கணவரோ, தம்பியோ, மாமனாரோ உங்களுக்கு இருக்கக்கூடும். அல்லது, சொல்ல விரும்பாத ஒரு விஷயத்தை அவர்கள் சொன்னதாகவே ஆகாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சாமர்த்தியம், வேறு எந்தத் தொழிலிலாவது உங்களுக்கு வாய்த்திருக்கலாம். ஒருவரும் வாய் திறந்து சொல்லாமல், ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல், அங்கே ஏதாவது இருக்கிறதா என்று தெற்குக் குப்பத்தில் நான் யாரிடம், எந்த நேரத்தில், என்ன வார்த்தைகளில் கேட்க வேண்டும்? ஆண்களிடம் கேட்பதா, பெண்களிடமா? கூட்டமாகவா, தனியாகவா? கையில் வரைபடத்தோடு போவதா, அதை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போவதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வியாழக்கிழமைக்குள் வந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.